400,000 சமன்பாடுகளை 35 ஆக்கலாமா?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்:

“மின்சாரப் பேருந்துகளுக்கு இன்வெர்ட்டர் செய்யும் நிறுவனத்தில் வெப்ப ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஆறு ஐஜிபிடி சில்லுகள் கொண்ட ஒரு பவர் மாட்யூல், அதன் அடியில் நீர் ஓடும் குளிர்தட்டு. இதைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மாடலில் சுமார் 400,000 நோடுகள், அதாவது வெப்பநிலையைக் கணக்கிடும் புள்ளிகள், இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு. ஒரு பேருந்தின் 30 நிமிட ஓட்டப்பதிவை 0.5 விநாடிப் படிகளில் ஓட்டினால் 10 மணி நேரம் ஆகிறது. மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில்தான் விடை. கன்ட்ரோல் பிரிவினர் இந்த மாடலைத் தங்கள் சிமுலிங்க் மென்பொருளில் இணைத்து நூற்றுக்கணக்கான ஓட்டங்களைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். மெஷ்ஷின் துண்டுகளைப் பெரிதாக்கு என்கிறார் ஒரு சக ஊழியர். நியூரல் நெட்வொர்க் போதும் என்கிறார் இன்னொருவர். மேலாளரோ கிளவுடில் கணினியை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். ‘மாடல் ஆர்டர் ரிடக்‌ஷன்’ பற்றிப் படித்தேன். லட்சக்கணக்கான சமன்பாடுகளை 30, 40 ஆகச் சுருக்கலாம் என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? அப்படிச் சுருக்கியதை எந்த நம்பிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது? கல்லூரியோடு கணக்கை விட்டவள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

ஏமாற்று வேலை இல்லை. உங்கள் மாடலுக்கு அதுதான் பொருத்தமான வழியும்கூட. ஆனால் அதில் இறங்குவதற்கு முன்னால் அந்த 10 மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே ஏதோ இடிக்கிறது.

30 நிமிடத்தை 0.5 விநாடியாக வெட்டினால் 3,600 படிகள். 10 மணி நேரம் என்பது 36,000 விநாடி. ஆக, படிக்கு 10 விநாடி. வெறும் வெப்பக் கடத்தல் மாடலுக்கு இது அதிகம். பொருள்களின் பண்பு மாறாமலும் படியின் நீளம் மாறாமலும் இருந்தால் ஒவ்வொரு படியிலும் தீர்க்க வேண்டிய அணி, அதாவது மேட்ரிக்ஸ், ஒன்றேதான். அதை ஒரே ஒரு முறை காரணிப்படுத்தி, அதாவது எளிதில் தீர்க்கக்கூடிய முக்கோண அணிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால், மற்ற படிகளுக்கெல்லாம் அவற்றில் எண்களை இட்டுத் தீர்க்கும் பின்பதிலீடு மட்டும் போதும். இந்த அளவு மாடலில் அது ஒரு விநாடியை ஒட்டி முடிகிற வேலை. உங்கள் மென்பொருள் ஒவ்வொரு படியிலும் முதலிலிருந்து காரணிப்படுத்திக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். படியின் நீளத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி திறந்திருந்தால் அப்படி நடக்கும். பொருள் பட்டியலில் சிலிக்கானுக்கு மட்டும் வெப்பநிலைக்கேற்ற கடத்துதிறன் அட்டவணை கூடவே வந்திருந்தாலும் போதும், மென்பொருள் முழு மாடலையும் நேரியலற்றதாக, அதாவது வெப்பநிலையோடு அணியே மாறுவதாக, எடுத்துக்கொண்டு படிக்கு மூன்று நான்கு சுற்று சுற்றும். இன்னொன்று, எல்லா நோடுகளின் வெப்பநிலையையும் எல்லாப் படிகளிலும் வட்டில் எழுதச் சொல்லியிருக்கிறீர்களா? அதுவே 11 கிகாபைட்டுக்கு மேல். உங்களுக்கு வேண்டியது ஏழெட்டு இடங்களின் வெப்பநிலைதானே?

இவற்றைச் சரிசெய்தாலே 10 மணி நேரம் ஒரு மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடலாம். இதைப் பார்க்காமல் மாடலைச் சுருக்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. சுருக்கிய பிறகு “ஆயிரம் மடங்கு வேகம்” என்று அறிக்கையில் எழுதுவார்கள். அதில் பத்து மடங்கு பழைய அமைப்பில் இருந்த கோளாறு.

மேலாளரின் கிளவுட் யோசனை பாதி சரி. ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி, காலத்தைப் பங்குபோட்டுக் கணக்கிடுவது எளிதல்ல. ஒரு படிக்குள் இருக்கும் வேலையைப் பிரிக்கலாம். ஆனால் 400,000 நோடு என்பது அவ்வளவு பெரிய மாடல் இல்லை. நூற்றுக்கணக்கான கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், கணக்குப் போடும் நேரத்தைவிட அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நேரம் கூடிவிடும். தேசிய மீத்திறன் கணினி மையமே இடம் கொடுத்தாலும் உங்களுடைய ஒற்றை ஓட்டம் பெரிதாக வேகமடையாது. தனித்தனியான நூறு ஓட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு அது உதவும். கன்ட்ரோல் பிரிவினர் கேட்பதோ தங்கள் கன்ட்ரோலரோடு சேர்ந்து ஓடும் மாடல். அதற்குக் கிளவுடில் பதில் இல்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அந்த 0.5 விநாடிப் படி.

வெப்பம் ஓர் அடுக்கைக் கடக்க எடுக்கும் நேரத்தைத் தோராயமாகச் சொல்ல ஓர் எளிய கணக்கு உண்டு. தடிமனை இருமடியாக்கி, பொருளின் வெப்பப் பரவல் திறனால் வகுத்தால் போதும். 0.1 மி.மீ. சிலிக்கான் சில்லுக்கு அது கிட்டத்தட்ட 0.1 மில்லிவிநாடி. 3 மி.மீ. செம்புத் தட்டுக்குச் சுமார் 80 மில்லிவிநாடி. குளிர்தட்டு முழுதும் சூடேற விநாடிகள், பல விநாடிகள். மில்லிவிநாடிக்கும் கீழிருந்து நிமிடம்வரை எல்லா வேகங்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இனி, பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்புகிற கணத்தை நினைத்துப் பாருங்கள். மோட்டார் மெதுவாகச் சுழல்கிறது, இன்வெர்ட்டர் தரும் மின்னோட்டத்தின் அதிர்வெண் ஓரிரு ஹெர்ட்ஸ்தான், முறுக்குவிசையோ உச்சத்தில். ஒவ்வொரு சில்லும் தன் அரைச்சுற்றில் முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறி, அடுத்த அரைச்சுற்றில் ஆறுகிறது. சில்லின் வெப்பநிலை மிக அதிகமாக ஏறி இறங்குவது அந்த நேரத்தில்தான். 2 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 0.5 விநாடி, உங்கள் படியும் 0.5 விநாடி. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துளிகூட உங்கள் விடையில் தெரியாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் சிங்கப்பூர்ப் பேருந்தில் சால்டரும் கம்பி இணைப்பும் களைத்துப்போவது இதனால்தான். 2030-க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. உங்கள் பெட்டி அவற்றில் ஏறுமானால், ஆயுள் கணக்கை இந்த 0.5 விநாடி விடையிலிருந்து யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு மாடலை 1 மில்லிவிநாடிப் படியில் ஓட்டுவதானால் 18 லட்சம் படிகள். படிக்கு ஒரு விநாடி என்றாலும் 20 நாளுக்கு மேல்.

ஆக, சுருக்கிய மாடல் உங்களுக்கு வேகத்தை மட்டும் தரவில்லை. முழு மாடல் இதுவரை பார்க்காமல் விட்டதையும் அதுதான் பார்க்கப்போகிறது.

மெஷ்ஷைப் பெரிதாக்கும் யோசனையை ஒதுக்கிவிடுங்கள். சில்லும் அதன் அடியிலுள்ள சால்டரும் மெல்லியவை. அங்கே எலிமென்ட்டைப் பெரிதாக்கினால் முதலில் காணாமல் போவது மில்லிவிநாடி நடத்தை. எது வேண்டுமோ அதையே இழந்துவிட்டு, குளிர்தட்டின் மூலையில் யாரும் கேட்காத வெப்பநிலையை வைத்துக்கொண்டிருப்பீர்கள். மெஷ் நுணுக்கமாகவே இருக்கட்டும். அதற்காக நீங்கள் பட்ட பாடு வீணாகாது.

சரி, சுருக்குவது எப்படி?

மூங்கில் கழியில் ஆறு கிளிப் போட்டு வெளியே காயவைத்த சேலையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் எத்தனை ஆயிரம் இழை இருந்தாலும், அது தொங்கும் வடிவம் அந்த ஆறு கிளிப்பைப் பொறுத்ததே. உங்கள் மாடலும் அப்படித்தான். 400,000 நோடுகளும் தங்கள் இஷ்டத்துக்கு வெப்பநிலையை எடுத்துக்கொள்வதில்லை. வெப்பம் உள்ளே வருவது ஆறு சில்லுகள் வழியாக. கூடவே குளிர்நீரின் வெப்பநிலை ஏழாவது உள்ளீடு. இதை மறந்துவிடாதீர்கள்; பலர் மறக்கிறார்கள். ஆறு சில்லுகளை மட்டும் உள்ளீடாக வைத்துச் சுருக்கிவிட்டு, பிறகு நீரின் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தால் மாடல் உளறும். அப்படி ஒன்று மாறக்கூடும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே. இந்த ஏழும் சேர்ந்து உண்டாக்கக்கூடிய வெப்பநிலைக் கோலங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்து, எந்த நேரத்திலும் வெப்பநிலை என்பது இவற்றின் கலவையே என்று வைத்துக்கொண்டால், தெரியவேண்டியது கலவையின் அளவுகள் மட்டும். அவை 35 என்றால் சமன்பாடுகளும் 35.

கோலங்களைக் கண்டுபிடிப்பதில் மந்திரம் இல்லை. முதல் சில்லுக்கு மட்டும் 1 வாட் கொடுத்து நிலைத்த வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். அது முதல் கோலம். அதை வெப்பக்கொள்ளளவு அணியால் (ஒவ்வொரு நோடும் எவ்வளவு வெப்பத்தைச் சேமிக்கும் என்று சொல்வது) பெருக்கி, வருவதைப் புதிய வெப்பச் சுமையாக எடுத்துக்கொண்டு அதே கடத்தல் அணியால் (நோடுகளுக்கிடையே வெப்பம் பாய்வதைச் சொல்வது) மறுபடி தீர்த்தால் இரண்டாவது கோலம். முதல் கோலம் நெடுநேரம் கழித்து வரும் நிலையைச் சரியாகச் சொல்கிறது. அடுத்தடுத்தவை அந்த நிலைக்கு வந்துசேரும் வழியைத் திருத்திக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு புதிய கோலத்திலிருந்தும் பழையவற்றின் சாயலைக் கழித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கி அடுக்க வேண்டும். இல்லையென்றால் நான்கைந்துக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி ஆகி, கணினியின் தசமப் பிழைக்குள் மூழ்கிவிடும். அந்தக் கழித்தலை ஒழுங்காகச் செய்யும் முறையை வால்டர் ஆர்னோல்டி 1951-இல் கொடுத்தார். கடைசியில் அந்த 35 கோலங்களையும் பத்திகளாக நிறுத்தி, பெரிய அணிகளை இரு பக்கமும் அவற்றால் பெருக்கினால் 35-க்கு 35 என்ற சிறிய அணிகள் கிடைக்கும். அவ்வளவுதான்.

செலவைப் பாருங்கள்: ஒரு காரணிப்படுத்தல், சில பத்து பின்பதிலீடுகள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கோலங்கள் எல்லாம் நிலைத்த நிலையைச் சுற்றி எடுக்கப்பட்டவை. மெதுவான நடத்தைக்கு அருமையாகவும் மில்லிவிநாடிக்குச் சுமாராகவும் இருக்கும். உங்களுக்கு இரண்டும் வேண்டும். அதனால் கோலங்களை மூன்று வேகங்களில் எடுங்கள். பூச்சியத்தில் ஒரு தொகுதி, மில்லிவிநாடிக்கு நிகரான 1,000-இல் ஒரு தொகுதி, நடுவே 10-ஐ ஒட்டி ஒன்று. கடத்தல் அணியோடு வெப்பக்கொள்ளளவு அணியை அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டித் தீர்ப்பதுதான் வித்தியாசம். ஏழு உள்ளீடுகளுக்கும் பூச்சியத்தில் இரண்டு, நடுவில் ஒன்று, 1,000-இல் இரண்டு என்று வைத்தால் மொத்தம் 35. காரணிப்படுத்தல் மூன்று. 35 என்பது தொடக்கம்தான். 50, 60 ஆனாலும் உலகம் முழுகிவிடாது.

ஏமாற்று என்ற சொல்லுக்கு வருகிறேன். பொறியாளர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். அதிர்வுக் கணக்குகளில் வேண்டாத நோடுகளை மடித்து ஒதுக்கும் முறையை ராபர்ட் கையன் 1965-இல் ஒரே பக்கக் குறிப்பாக வெளியிட்டார். ஒரு விமானத்தைத் துண்டு துண்டாகச் சுருக்கிப் பிறகு சேர்க்கும் கிரெய்க்–பாம்ப்டன் முறை 1968-இல் வந்தது. உங்களுக்கு நெருங்கிய உறவு சில்லு வடிவமைப்பாளர்கள். சில்லுக்குள் ஓடும் நுண்கம்பிகளை லட்சக்கணக்கான மின்தடை, மின்தேக்கிகளாகக் கணக்கிட முடியாமல் அவர்கள் திணறியபோது, 1998-இல் ‘பிரைமா’ என்ற முறை வந்தது. மேலே நான் விவரித்தது ஏறக்குறைய அதுதான். வெப்பக் கடத்தலும் மின்தடை–மின்தேக்கிச் சுற்றும் ஒரே சமன்பாடு என்பதால் அவர்கள் உழைப்பு நமக்கு அப்படியே வந்துவிடுகிறது. கூடவே ஓர் உத்தரவாதமும் வருகிறது. இரண்டு பெரிய அணிகளும் சமச்சீராகவும் நேர்வரையறையாகவும் இருக்கும்வரை, சுருக்கிய மாடல் தானாகச் சூடேறிக்கொண்டே வெடிக்காது. குளிர்நீரை வெறும் வெப்பமாற்றக் கெழுவாக, அதாவது தட்டிலிருந்து நீருக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்று சொல்லும் எண்ணாக, வைத்திருந்தால் இது பொருந்தும். நீரோட்டத்தையே எலிமென்ட்டுகளாக வைத்திருந்தால் சமச்சீர் போய்விடும், உத்தரவாதமும் போய்விடும். உங்கள் மாடல் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

எதையும் தூக்கி எறியவும் இல்லை. அந்த 35 கோலங்களையும் ஒரு கோப்பில் வைத்திருந்தால், எந்தக் கணத்துக்கும் 400,000 நோடுகளின் வெப்பநிலையையும் திரும்ப எழுப்பலாம். கோப்பு சுமார் 112 மெகாபைட். சால்டரின் தகைவைக் கணக்கிடுகிறவர் கேட்டால் வேண்டிய கணத்தின் முழுப் படத்தையும் கொடுக்கலாம்.

வேகமும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சமச்சீர் அணி என்பதால் 35 சமன்பாடுகளையும் ஒன்றையொன்று தொடாத 35 தனிச் சமன்பாடுகளாகப் பிரித்துவிடலாம். அப்போது ஒரு படிக்கு ஏழு உள்ளீடு, ஏழு வெளியீடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 525 பெருக்கல். 18 லட்சம் படிகளும் மேசைக் கணினியில் சில விநாடிகளில் முடியும். கன்ட்ரோல் பலகையிலுள்ள சிறிய செயலியிலேயேகூட ஓட்டிப்பார்க்கலாம்; சில்லின் வெப்பநிலையை நேரடியாக அளக்க முடியாத இடத்தில் அது பெரிய உதவி. உங்கள் மேலாளர் இதற்கு ‘மின்னிலக்க இரட்டை’ என்று பெயர் வைக்க விரும்பினால் தடுக்காதீர்கள். நிதி ஒதுக்கீடு எளிதாகும்.

டேட்டாஷீட்டில் வரும் நான்கு உறுப்பு ஃபாஸ்டர் வலையை (மின்தடை–மின்தேக்கிச் சோடிகளின் தொடர்) ஏன் பயன்படுத்தக்கூடாது என்று யாராவது கேட்பார்கள். அது ஒரு சில்லின் வளைவுக்குப் பொருத்திய சூத்திரம். அதன் நடுப்புள்ளிகளுக்கு மாட்யூலுக்குள் நிஜமான இடம் கிடையாது, அதனால் பின்னால் உங்கள் குளிர்தட்டை ஒட்டவும் முடியாது. பக்கத்துச் சில்லு சூடேற்றுவதும் அதில் இல்லை. ஆறு சில்லு நெருங்கி உட்கார்ந்திருக்கும் மாட்யூலில் அந்தப் பக்கத்துச் சூடு சின்ன விஷயமில்லை.

இப்போது வில்லங்கங்கள். சில்லு சூடாகச் சூடாக அதன் மின் இழப்பும் மாறும். அந்த நேரியலின்மை மாடலுக்குள் இல்லை, உள்ளீட்டில் இருக்கிறது. சிமுலிங்கில் வெப்பநிலையைப் பார்த்து இழப்பைக் கணக்கிட்டு உள்ளே அனுப்பினால் போதும், சுருக்கலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பம்பின் வேகம் மாறினால் கதை வேறு. வெப்பமாற்றக் கெழு அணிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது எளிய முறையில் இருக்கிறது: ஒரு மாறாத அணி, அதோடு கெழுவால் பெருக்கிய இன்னோர் அணி. இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, ஓடும்போது கூட்டிக்கொள்ளலாம். கோலங்களை மட்டும் குறைந்த நீரோட்டம், நடு நீரோட்டம், முழு நீரோட்டம் என மூன்று நிலைகளில் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, மிகையானவற்றை நீக்குங்கள். நீரோட்டம் மாறும்போது 35 தனிச் சமன்பாடுகளாகப் பிரித்த வசதி கைநழுவும். முழு 35-க்கு 35 அணியோடு வாழ வேண்டும். அதுவும் வேகம்தான்.

சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் 27 டிகிரியில் சுமார் 150 வாட்/மீட்டர்-கெல்வின்; 127 டிகிரியில் 100-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய சரிவாகத் தோன்றும். ஆனால் மொத்த வெப்பத் தடையில் மெல்லிய சில்லின் பங்கு சிறியது. நீங்கள் கவலைப்படும் வெப்பநிலைக்குரிய கடத்துதிறனை மாறாததாக வைத்துக்கொண்டு, முழு மாடலில் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால்தான் நேரியலற்ற சுருக்கலுக்குப் போக வேண்டும். அது வேறு காடு. முழு மாடலின் ஓட்டங்களிலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கோலங்களை உருவாக்கும் பிஓடி முறையை 1987-இல் லாரன்ஸ் சிரோவிச் நடைமுறைக்கு எளிதாக்கினார். அதை எடுத்துக்கொண்டு உற்சாகமாகத் தொடங்குகிறவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. சமன்பாடு 35 ஆனாலும், நேரியலற்ற உறுப்பைக் கணக்கிட ஒவ்வொரு படியிலும் 400,000 நோடுகளையும் தொட்டாக வேண்டும். வேகம் கிடைக்காது. சில நோடுகளை மட்டும் தேர்ந்து மதிப்பிட்டு அதைத் தாண்டும் வழியை 2010-இல் சத்துரந்தபுத்தும் சோரன்சனும் தந்தார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கொந்தளிக்கும் காற்றோட்டத்தை ஆராயும் சிஎஃப்டி நண்பர்கள் யாராவது “எங்களுக்கும் 35 ஆக்கித் தாருங்கள்” என்று வந்தால் மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நியூரல் நெட்வொர்க் யோசனை சொன்னவரைப் புண்படுத்தாமல் இதைச் சொல்லுங்கள்: சமன்பாடு கையில் இல்லாதவர்களுக்கு அது நல்ல கருவி. நம்மிடம் சமன்பாடு இருக்கிறது, அது நேரியலும்கூட. பயிற்சிக்காக 10 மணி நேர ஓட்டங்களை நூற்றுக்கணக்கில் ஓட்டி, நாமே எழுதிய சமன்பாட்டை அதற்கு மறுபடி ஊகிக்கக் கற்றுக்கொடுப்பதில் பொருள் இல்லை. அவருக்கும் இடம் இருக்கிறது. சில்லுகளின் இடைவெளி, தட்டின் தடிமன் என்று வடிவத்தையே மாற்றிப் பார்க்கும்போது மெஷ் மாறும், கோலங்களும் செல்லாமல் போகும். அப்போது முழு மாடலைச் சில பத்து முறை ஓட்டி, கிடைத்த விடைகளுக்கு இடைப்பட்ட மதிப்புகளைக் கணிக்கும் கிரிகிங் போன்ற முறை நன்றாக வேலை செய்யும். மாறி ஒன்றுக்கு 10 ஓட்டம் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு.

கையெழுத்து விஷயம். நம்பிக்கையை யாரும் தர முடியாது. சோதித்துத்தான் பெற வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் தனியாகப் படிநிலைச் சுமை கொடுத்து, தெர்மல் இம்பீடன்ஸ் வளைவை (ஒரு வாட்டுக்கு நேரம் போகப்போக எவ்வளவு சூடேறுகிறது என்பது) முழு மாடலிலும் சுருக்கிய மாடலிலும் வரையுங்கள். நேர அச்சு மடக்கையில் இருக்கட்டும். சாதாரண அச்சில் முதல் மில்லிவிநாடி ஒரு புள்ளியாகச் சுருங்கி, பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். முழு மாடலை 30 நிமிடமும் 1 மில்லிவிநாடியில் ஓட்ட வேண்டாம். படியை மில்லிவிநாடியிலிருந்து மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சில நூறு படிகளில் ஒரு வளைவு வந்துவிடும். பிறகு 35 கோல மாடலையும் 50 கோல மாடலையும் ஒரே ஓட்டப்பதிவில் ஓட்டி, சில்லின் உச்ச வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். வேறுபாடு அரை டிகிரிக்குள் வந்தால் நானாக இருந்தால் அதோடு நிறுத்திவிடுவேன். சுருக்கும்போது பயன்படுத்தாத ஒரு சுமையைக் கொடுத்தும் ஒரு முறை ஒப்பிடுங்கள். இரண்டு சில்லு மட்டும் ஓடும் பழுதுநிலை நல்ல தேர்வு.

கணக்காகவே பிழை வரம்பு வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. 1981-இல் புரூஸ் மூர் சொன்ன சமநிலைச் சுருக்கல் முறையில், விட்டுவிட்ட ஹேங்கல் மதிப்புகளின் (மாடலின் ஒவ்வொரு பகுதியும் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைப்பதில் எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் எண்கள்) கூட்டுத்தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிழை போகாது என்று நிரூபணமே உண்டு. ஆனால் நேரடியாக உங்கள் மாடலில் செய்ய முடியாது. 400,000-க்கு 400,000 நிறைந்த அணி ஒன்றை வைக்கவே 1.28 டெராபைட் நினைவகம் வேண்டும். முதலில் கோல முறையில் 200 ஆக்கி, அதைச் சமநிலை முறையில் மேலும் இறக்குவது பலர் செய்யும் ஏற்பாடு. வாடிக்கையாளர் எழுத்துப்பூர்வமாகப் பிழை எல்லை கேட்டால் அதைச் செய்யுங்கள், ஆனால் அந்த எல்லை 200 கோல மாடலிலிருந்து 35-க்கு வந்த பிழைக்கு மட்டும்தான் என்பதையும் அருகிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாம் சுருக்கிய மாடல் முழு மாடலைப் போலவே இருக்கிறதா என்பதற்கு. முழு மாடல் நிஜ மாட்யூலைப் போல இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மாட்யூலுக்கும் குளிர்தட்டுக்கும் நடுவே பூசும் வெப்பப் பசையின் தடிமன் ஒன்றே, சுருக்கலில் வரும் பிழையை விழுங்கிவிடும். அந்தத் தடிமனை அளந்துதான் போட்டீர்களா, பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டீர்களா? பசையின் தடையையும் வெப்பமாற்றக் கெழுவைப் போலவே தனி அணியாக ஒதுக்கிவைத்தால், ஆய்வக அளவு வரும்போது சுருக்கலை மறுபடி செய்யாமல் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கை விட்டவள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரு திசையனை ஒரு தளத்தின்மேல் வீழ்த்துவது, திசையன்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்குவது, அணியைக் காரணிப்படுத்துவது. மூன்றும் பொறியியல் முதலாண்டுப் பாடம். பெரும்பாலான ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்கள் அணிகளைக் கோப்பாக வெளியே எழுதும் வசதி கொண்டவை. அவற்றைப் பைதானில் படித்துக்கொண்டால் மேலே சொன்ன வேலை முழுதும் நூறு வரிக்குள் அடங்கும். பைமோர் என்ற இலவசத் தொகுப்பும் இருக்கிறது. ஆனால் முதல் முறை நீங்களே கைப்பட எழுதுங்கள். நாளை கன்ட்ரோல் பிரிவில் யாராவது “இந்த 35 எங்கிருந்து வந்தது” என்று கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். பழகுவதற்கு முழு மாடல் வேண்டாம். ஒரு சில்லு, ஒரு தட்டு, 2,000 நோடு என்று ஒரு பொம்மை மாடலில் தொடங்குங்கள். அதில் விடை தவறினால் காரணம் அன்றே தெரிந்துவிடும்.

மாடலைக் கன்ட்ரோல் பிரிவுக்குக் கொடுக்கும்போது கோப்போடு ஒரு தாளும் போகட்டும். எந்த ஏழு உள்ளீடுகள், நீரோட்டம் எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை, மிகச் சிறிய நேரப் படி எது, எந்தப் பொருள் பண்புகள் எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை, ஒப்பிட்டபோது கண்ட மிகப் பெரிய வேறுபாடு எவ்வளவு, முழு மாடலின் எந்தப் பதிப்பிலிருந்து சுருக்கியது. இவ்வளவும் எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். அந்த எல்லைக்கு வெளியே யாராவது ஓட்டினால் எச்சரிக்கும்படி சிமுலிங்க் பிளாக்குக்குள்ளேயே ஒரு சோதனையும் வைத்துவிடுங்கள், தாளை யாரும் படிக்கமாட்டார்கள்.

வளைவுகள் தயாரானதும் அனுப்பிவையுங்கள். 1 மில்லிவிநாடிக்கும் 100 மில்லிவிநாடிக்கும் இடையே இரண்டு கோடுகளும் பிரிந்தால், 10-ஐ ஒட்டிய நடுத் தொகுதியில் இன்னும் ஒரு சுற்று கோலம் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.